அட்டையில் கேட்ட குரல்: ஜோனி மிட்செலின் இசைத்தட்டுகளும் அவர் வரைந்த தன்னுருவங்களும்

1989இல் என் அண்ணன் சரக்குக் கப்பலிலிருந்து விடுப்பில் தூத்துக்குடிக்கு வந்தபோது அவன் பெட்டியின் அடியில் ஒரு தொண்ணூறு நிமிட கேசட் கிடந்தது. உடன் வேலை பார்த்த யாரோ பதிந்து கொடுத்தது. உள்ளே செருகும் அட்டையில் நீல மையில் 'ஜோனி 71, 69' என்று மட்டும் எழுதியிருந்தது. பாட்டின் பெயர் இல்லை. பாடகியின் முழுப்பெயர் இல்லை. படமும் இல்லை. அண்ணனுக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை. "ரொம்ப உச்சத்துல பாடுது, காது கூசுது" என்று என்னிடம் தள்ளிவிட்டான். ஒரு பக்கம் 'ப்ளூ', மறுபக்கம் 'கிளவுட்ஸ்' என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆறு வருடம் ஆயிற்று. அதுவரை அந்தக் குரலுக்கு நானே முகம் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வேறு முகம் வந்தது.

பிறகு புத்தகங்களுக்கு அட்டை வரைவது என் பிழைப்பாயிற்று. எழுத்தாளர் முந்நூறு பக்கத்தில் சொன்னதை ஒரு பக்கத்தில் பார்க்கும்படி செய்ய வேண்டும், அதே சமயம் அவர் சொல்லாமல் விட்டதைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் காலம் கழிகிறது. அந்த வேலையில் இறங்கிய பிறகுதான் ஜோனி மிட்செலின் இசைத்தட்டு அட்டைகளை வரிசையாக வைத்துப் பார்க்கத் தொடங்கினேன். பாடியவரே வரைந்த அட்டைகள் அவற்றில் பல. 1968இலிருந்து 2000 வரை ஒருவர் தன் முகத்தைத் திரும்பத் திரும்ப வரைந்து, அந்தந்த வயதின் குரலோடு சேர்த்துக் கடைக்கு அனுப்பியிருக்கிறார். வெகுஜன இசையில் இதற்கு ஈடாக இன்னொன்றை நான் பார்த்ததில்லை. அவர் கிதாரின் கம்பிகளைத் தளர்த்திய விதத்துக்கும் தாளில் கோடு இழுத்த விதத்துக்கும் ஓர் உறவு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அந்த உறவைத்தான் இங்கே தேடுகிறேன்.

ஜோனி 1943 நவம்பர் 7 அன்று கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஃபோர்ட் மக்லியோட் என்ற சிற்றூரில் பிறந்தார். வளர்ந்தது சஸ்காட்செவன் மாகாணத்தின் சாஸ்கட்டூன் நகரில். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சமவெளி. ஒன்பது வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியது. பிழைத்து நடந்தார், ஆனால் இடது கை பலவீனப்பட்டது. கிதாரில் கம்பியை அழுத்திச் சுரம் எடுப்பது இடது கைதான். வழக்கமான சுருதியில் சில சுரக்கூட்டுகளுக்கு விரல்கள் அகல விரிந்து இறுக்கிப் பிடிக்க வேண்டும். அந்த வலு அவருக்கு இல்லை. ஆகவே கம்பிகளின் சுருதியையே மாற்றினார். முறுக்காணிகளைத் தளர்த்தியும் முறுக்கியும், சும்மா மீட்டினாலே ஒரு சுரக்கூட்டு ஒலிக்கும்படி அமைத்துக்கொண்டார். ஒரு விரலை வைத்தால் போதும், வேறொன்று பிறக்கும். இப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட சுருதி அமைப்புகளைத் தன் பாட்டுகளுக்குப் பயன்படுத்தியிருக்கிறார்.

பெரும்பாலானோர் இதைக் குறையை நிறையாக்கிய கதையாகச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தச் சுரக்கூட்டுகளின் தன்மை. அவை முடிந்துபோவதில்லை. வீட்டுக்கு வந்து சேர வேண்டிய சுரம் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருக்கும். அவரே அவற்றைக் கேள்வி கேட்கும் சுரக்கூட்டுகள் என்று சொல்லியிருக்கிறார். தன் வாழ்க்கையில் விடை கிடைக்காமல் கிடந்தவற்றுக்கு அவைதான் பொருந்தின என்பது அவர் கணக்கு.

அவர் முதலில் ஓவியர். 1963இல் கால்கரி நகரின் ஓவியக் கல்லூரியில் சேர்ந்து ஒரு வருடம் படித்தார். இசை அப்போது செலவுக்குக் காசு தந்த பக்கத் தொழில். பள்ளியில் ஏழாம் வகுப்பு ஆசிரியர் கிராட்ஸ்மன், தூரிகையால் வரையத் தெரிந்தவளுக்குச் சொல்லாலும் வரைய முடியும் என்று சொன்னதை ஜோனி வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. முதல் தொகுப்பை அவருக்குத்தான் சமர்ப்பித்தார்.

அந்த முதல் தொகுப்பு 1968இல் வந்த 'சாங் டு எ சீகல்'. பூவும் கொடியும் பறவையும் நிறைந்த, இருபத்து நான்கு வயதின் ஆசையெல்லாம் கொட்டிய அட்டை. அதில் பறந்துபோகும் கடற்காகங்களை வைத்தே தொகுப்பின் பெயரை எழுதியிருந்தார். அச்சில் அந்த எழுத்துகள் ஓரத்தில் வெட்டுப்பட்டன. பெயர் போயிற்று. அந்தத் தட்டு வெறுமனே 'ஜோனி மிட்செல்' என்றே அழைக்கப்படலாயிற்று. இதை முதலில் படித்தபோது எனக்கு வயிறு பிசைந்தது. என் தொடக்க காலத்தில் ஒரு கவிதைத் தொகுப்பின் அட்டையில் வலது ஓரமாக ஒரு சிறு படகு வரைந்திருந்தேன். அச்சகத்தில் கட்டிங்கின்போது படகின் முன்பாதி போய்விட்டது. ஆயிரம் பிரதி. மிச்சமிருந்த மரத்துண்டைப் பார்த்துக் கவிஞர் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் அதிகமாக வலித்தது.

அதே தட்டின் ஒலிக்கும் கிட்டத்தட்ட இதே கதி. தயாரித்தவர் டேவிட் கிராஸ்பி. பியானோவின் கம்பிகளும் சேர்ந்து அதிரட்டும் என்று ஜோனியைத் திறந்த பியானோவுக்குள் பாட வைத்தார். பதிவில் இரைச்சல் ஏறிவிட்டது. இரைச்சலை நீக்கும்போது உச்சத்து ஒலிகளும் கூடவே போயின. கண்ணாடிக் குடுவைக்குள் வைத்துப் பாடியதுபோல ஒரு மூடாக்கு அந்தத் தட்டின் மேல் படிந்தது. 2021இல்தான் ஜோனி அதை மறுகலவை செய்து வெளியிட்டார். அவர் வாழ்க்கையில் கண்ணுக்கும் காதுக்கும் ஒரே நேரத்தில் அடி விழுந்த தட்டு அது.

அடுத்த வருடம் 'கிளவுட்ஸ்'. முழு அட்டையும் தன்னுருவ ஓவியம். இருபத்தைந்து வயது முகம், நேராக நம்மைப் பார்க்கிறது. கையில் ஒரு சிவப்பு லில்லி, சஸ்காட்செவன் மாகாணத்தின் மலர். பின்னால் கோட்டைபோல ஒரு கட்டிடம். அது சாஸ்கட்டூனில் ஆற்றங்கரையில் நிற்கும் பெஸ்பரோ ஹோட்டல். அப்போது அவர் வாழ்ந்தது கலிஃபோர்னியாவில். புது ஊரின் புகழில் நின்றுகொண்டு, விட்டுவந்த ஊரைப் பின்னால் வைத்து, அதன் பூவைக் கையில் பிடித்திருக்கிறார். என் கேசட்டின் இரண்டாம் பக்கத்துக்கு இதுதான் அட்டை என்று முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது தூத்துக்குடி பனிமய மாதா கோயிலின் கோபுரம். சென்னை வாடகை அறையில் நான் வரைந்த முதல் சில படங்களில் கேட்காமலேயே அது வந்து நின்றிருந்தது.

மூன்றாவது அட்டையில்தான் அவர் தன் கையைக் கண்டுகொண்டார் என்பது என் எண்ணம். 1970இன் 'லேடீஸ் ஆஃப் தி கேன்யன்'. வெள்ளை அட்டை. அதில் ஒரு பெண்ணின் முகமும் தோளும் வெறும் கோட்டில். முகத்துக்குள் எதுவும் நிரப்பவில்லை. உடலின் ஒரு மடிப்பில் மட்டும் வண்ணம்: லாஸ் ஏஞ்சலஸின் லாரல் கேன்யன் குன்றுச்சரிவு, மரங்கள், வீடுகள். அவர் அப்போது குடியிருந்த இடம். அட்டையின் பெரும்பகுதி காலி.

காலியாக விடுவது எவ்வளவு கடினம் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். பதிப்பாளர் வெற்றிடத்தைப் பார்த்தால் 'இங்கே ஏதாவது போடலாமே' என்பார். வரைபவருக்கே கை அரிக்கும். ஜோனி அந்த முகத்தை நிரப்பாமல் விட்டதும், கம்பிகளைச் சும்மா ஒலிக்க விட்டதும் எனக்கு ஒரே செயலாகத் தெரிகின்றன. விரல் வைக்காத கம்பியும் சுரக்கூட்டில் சேர்ந்ததுதான், அங்கே ஒலிப்பது அதன் சொந்த நாதம். வண்ணம் படாத முகத்திலும் அப்படித்தான். கேட்பவர் தன் முகத்தைக் கொண்டுவந்து வைக்க அங்கே இடம் இருக்கிறது. படமில்லாத கேசட்டில் நான் ஆறு வருடம் செய்துகொண்டிருந்ததும் இதுவேதான்.

இதற்கடுத்து 'ப்ளூ', 1971 ஜூன் 22. என் கேசட்டின் முதல் பக்கம். அதன் அட்டையைக் கடைசியில் பார்த்தபோது ஏமாற்றமாக இருந்தது. ஓவியம் இல்லை. டிம் கான்சிடைன் எடுத்த ஒரு புகைப்படம், அடர்நீலத்தில் மூழ்கியிருக்கிறது. மேடையில் பாடும் முகம், கண்கள் கவிந்திருக்கின்றன, பாதி இருட்டு. அவர் வரையாமல் வந்த முதல் அட்டை இது. எல்லாவற்றையும்விட அதிகமாகத் தன்னைத் திறந்து வைத்த தொகுப்புக்கு அவர் தூரிகையை எடுக்கவில்லை.

அந்த நாட்களில் தனக்கு எந்தக் காப்பும் இல்லை, சிகரெட் பாக்கெட்டின் மேல் சுற்றியிருக்கும் கண்ணாடித்தாள்போல இருந்தேன் என்று 1979 நேர்காணல் ஒன்றில் அவர் சொன்னார். அதைப் படித்துவிட்டு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். தன்னுருவம் வரைய ஒருவர் தன்னிடமிருந்து ஓர் அடி தள்ளி நிற்க வேண்டும். தோல் உரிந்திருப்பவரால் அந்த ஓர் அடி பின்வாங்க முடியாது. அதனால் முகத்தை வேறொருவரின் கேமராவிடம் ஒப்படைத்தார். இப்படித்தான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த முடிவு பாதிதான் சரி என்று 2019இல் தெரிந்தது. 'ப்ளூ' வந்த அதே 1971இல், கிறிஸ்துமஸ் பரிசாக நண்பர்களுக்குக் கொடுக்க ஜோனி ஒரு புத்தகம் செய்திருந்தார். கைப்பட எழுதிய பாட்டுகள், பக்கத்தில் தன் கைப்பட வரைந்த படங்கள், நூறு பிரதிகள் மட்டும். 'மார்னிங் குளோரி ஆன் தி வைன்' என்ற அந்தப் புத்தகம் 48 வருடம் கழித்துத்தான் பொதுவில் வெளியானது. ஆக, அந்த வருடம் தூரிகை அவர் கையில்தான் இருந்தது. படங்கள் நண்பர்களுக்குப் போயின, கடைக்கு நீலப் புகைப்படம் போனது. எதை யாருக்குக் காட்டுவது என்று ஒரு பெண் எடுத்த தெளிவான முடிவு அது. பலவீனம் என்று நான் படித்தது என் அவசரம்.

அந்தத் தொகுப்பில் 'லிட்டில் கிரீன்' என்று ஒரு பாட்டு உண்டு. கேசட் காலத்தில் அதைத் தாலாட்டு என்று நினைத்தேன். மெட்டு அப்படி. ஓவியக் கல்லூரியை விட்டு வந்த ஜோனி 1965 பிப்ரவரியில், திருமணமாகாமல், கையில் காசில்லாமல் ஒரு பெண் குழந்தையைப் பெற்றார். குழந்தையைத் தத்துக்கொடுக்க வேண்டி வந்தது. இந்தப் பாட்டு அந்தக் குழந்தைக்கு. 1971இல் கேட்டவர்களுக்கு இது தெரியாது. 1990களில்தான் செய்தி வெளியே வந்தது, 1997இல் தாயும் மகளும் சந்தித்தார்கள். ஒரு ரகசியம் இருபது வருடத்துக்கும் மேலாக எல்லோர் வீட்டு அலமாரியிலும் பகிரங்கமாக இருந்திருக்கிறது. இன்று கேட்டாலும் எனக்கு அது தாலாட்டுதான், தொட்டில் காலியாக ஆடுகிறது.

1974இன் 'கோர்ட் அண்ட் ஸ்பார்க்' அவருடைய தட்டுகளில் மிக அதிகமாக விற்றது. அதன் அட்டையில் மணல் நிறப் பரப்பின் நடுவே சின்னதாக ஓர் ஓவியம், கடலை அணைத்துக்கொள்ளும் மலை. அடுத்த வருடத்து 'தி ஹிஸ்ஸிங் ஆஃப் சம்மர் லான்ஸ்' அட்டையில் ஒரு பெரும்பாம்பைத் தூக்கிக்கொண்டு மனிதர்கள் போகிறார்கள், தூரத்தில் நகரம். இரண்டும் நல்ல அட்டைகள். ஆனால் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருப்பது இவற்றுக்கு அடுத்து வந்ததை.

'ஹெஜிரா', 1976. புலம்பெயர்தலைக் குறிக்கும் ஹிஜ்ரா என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர். நண்பர்களோடு கிழக்குக் கடற்கரைவரை காரில் போன ஜோனி, மேய்ன் மாகாணத்திலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குத் தனியாகவே ஓட்டிக்கொண்டு திரும்பினார். அவரிடம் ஓட்டுநர் உரிமம்கூட இல்லை. வழியில் பியானோ ஏது? பாட்டுகள் எல்லாம் கிதாரில் பிறந்தன. நீண்ட நேர்சாலையில் வண்டி ஓடும் லயம் அவற்றில் இருக்கிறது. நான்கு பாட்டுகளில் ஜாக்கோ பஸ்டோரியஸின் பாஸ் கிதார், தாளத்துக்குக் காவல் நிற்காமல் இன்னொரு குரல்போலக் கூடவே பாடிக்கொண்டு வருகிறது.

அட்டை கறுப்பு வெள்ளை. பல புகைப்படங்களைச் சேர்த்து ஜோனி உருவாக்கிய ஒரே படம். முகமும் உருவமும் நார்மன் சீஃப் எடுத்தவை. தலையில் வட்டத் தொப்பி, கையில் சிகரெட். பின்னணியில் உறைந்த ஏரி, விஸ்கான்சின் மாகாணத்து மாடிசன் நகரின் மெண்டோட்டா ஏரி. பனிப்புயலுக்குப் பின் அங்கே ஜோயல் பெர்ன்ஸ்டைன் எடுத்த படங்களில் ஜோனி கறுப்பு உடையில் பனிச்சறுக்குகிறார், பனியின் மேல் காகம் இறங்கியதுபோல. முன்னட்டையில் அவருடைய கறுப்பு உடைக்குள்ளேயே ஒரு நெடுஞ்சாலை ஓடுகிறது. இருபுறமும் சமவெளி, மேலே மேகம். 1970இல் உடலின் மடிப்பில் வீடு இருந்தது. ஆறு வருடம் கழித்து அதே இடத்தில் சாலை. இதை நான் கண்டுபிடித்த நாளில் இரண்டு தட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. ஒருவர் தன் உடலுக்குள் எதை வைத்திருக்கிறார் என்பதற்கு இரண்டு சாட்சிகள். வீட்டை வரைந்தபோது முகத்தைக் காலியாக விட்டார். சாலையை வைத்தபோது முகம் முழுசாக, கொஞ்சமும் இளகாமல் நம்மைப் பார்க்கிறது.

1977இன் 'டான் ஜுவான்ஸ் ரெக்லஸ் டாட்டர்' அட்டையைப் பற்றிப் பேசாமல் போனால் நான் நேர்மையாக இல்லை என்று பொருள். அதில் ஜோனி முகத்தில் கரிபூசி, கறுப்பின ஆண் வேடத்தில் நிற்கிறார். கறுப்பின மக்களைக் கேலி செய்ய அமெரிக்க மேடைகளில் வெள்ளையர்கள் நூறு வருடத்துக்கும் மேலாகப் போட்ட வேடத்தின் நிழல் அதில் விழாமல் இருக்க வழியே இல்லை. ஜாஸ் கலைஞர்கள் மேல் அவருக்கிருந்த அன்பு உண்மை. ஆனாலும் அன்பு என்பது இன்னொருவரின் தோலை எடுத்துப் போட்டுக்கொள்ளும் உரிமை ஆகாது. அவர் கோடுகளின் பெருமையே இடம்விட்டு நிற்பதில் இருந்தது. இந்த அட்டையில் வேறொருவருக்குரிய இடத்தில் அவரே போய் நின்றுகொண்டார். 2024 மறுவெளியீட்டில் அந்தப் படத்தை எடுத்துவிட்டு வேறொன்று போட்டார்கள். என்னிடம் உள்ள பழைய பிரதியை அலமாரியிலிருந்து நான் அகற்றவில்லை, மன்னிக்கவும் இல்லை. கறுப்பின ஜாஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸ் நோயில் விழுந்து சக்கர நாற்காலியில் இருந்தபோது மெட்டுகள் கொடுத்து இவரைப் பாட அழைத்தார். 1979 ஜனவரியில் அவர் இறந்த பிறகு 'மிங்கஸ்' தொகுப்பு வந்தது. அதற்கு ஜோனி அவரையே வரைந்தார். முந்தைய அட்டைக்கு அதைவிடச் சரியான பதிலை அவரால் வரைந்திருக்க முடியாது.

1994இல் 'டர்புலன்ட் இண்டிகோ' அட்டையில் காதில் கட்டுப்போட்ட வான் கோவாகத் தன்னை வரைந்துகொண்டார். பாட்டுக்காரி தன்னை வரைய வேண்டுமென்றால் காயத்தைக் காதில்தான் வைக்க வேண்டும்! இந்தத் தொகுப்புக்கு இரண்டு கிராமி விருதுகள், ஒன்று இசைக்கு, மற்றொன்று அட்டை வடிவமைப்புக்கு.

நான் வந்து சேர நினைத்த இடம் 2000. 'போத் சைட்ஸ், நவ்' என்ற பாட்டை ஜோனி எழுதியது 1967இல், இருபத்து மூன்று வயதில். விமானத்தில் சால் பெல்லோவின் நாவல் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தவர், ஜன்னல் வழியே கீழே மேகங்களைப் பார்த்தார். மேகத்தைக் கீழிருந்து மட்டுமே பார்த்துவந்த மனித இனத்தில் மேலிருந்தும் பார்த்த முதல் தலைமுறைகளில் ஒருவர். ஜூடி காலின்ஸ் பாடி அது பிரபலமானது, 1969இல் 'கிளவுட்ஸ்' தொகுப்பின் கடைசிப் பாட்டாக ஜோனி தானே பாடினார். தனிக் கிதார், தெளிந்த உச்சக்குரல். 31 வருடம் கழித்து அதே பாட்டைப் பெயராகக் கொண்ட தொகுப்பில், மறுபடியும் கடைசிப் பாட்டாக வைத்தார். லண்டனில் முழு வாத்தியக் குழுவோடு பதிந்தது, வாத்திய இசைக்கோர்ப்பு வின்ஸ் மெண்டோசா. 'லவ் ஆக்சுவலி' படத்தில் எம்மா தாம்சன் படுக்கையறையில் தனியாக நின்று அழும்போது ஒலிப்பது இந்தப் பதிவுதான்.

சாரீரம் இறங்கி, கனத்து, ஓரங்களில் கரகரத்திருக்கிறது. ஒன்பது வயதில் தொடங்கிய சிகரெட் பழக்கம் அதில் இருக்கிறது. பழைய பதிவில் குரல் சொற்களின் மேல் பறந்து போகும். புதியதில் ஒவ்வொரு சொல்லின் முன்னும் நின்று, அதைத் தூக்க முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் தூக்குகிறது. அட்டையிலும் தன்னுருவம்தான். மதுக்கூடத்தில் அமர்ந்திருக்கும் ஐம்பத்தாறு வயதுப் பெண், முன்னால் கோப்பை. 'கிளவுட்ஸ்' அட்டையில் பூவைப் பிடித்திருந்த கையில் இப்போது சிகரெட். பின்னால் ஊர் இல்லை, ஆறு இல்லை.

2004இல் அண்ணன் கப்பல் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டான். ஒரு மாலை நான் இந்தத் தட்டைப் போட்டிருந்தபோது வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். பாட்டு முடிந்ததும், "ஏட்டி, இது அந்தக் கேசட்டுல பாடுன பிள்ளையா?" என்றான்.

"ஆமாண்ணே, அவங்கதான்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்கிட்டோ ரொம்ப தூரம் போயிட்டு வந்திருக்கு" என்றான். பிறகு இன்னொரு தடவை போடச் சொன்னான். அந்தப் பாட்டைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன், அந்தக் குரலை இவ்வளவு சரியாகச் சொன்னவர் எவரும் இல்லை. இருபது வருடம் கடலில் இருந்தவனுக்கு அட்டை தேவைப்படவில்லை.

2015 மார்ச்சில் ஜோனிக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. பேச்சையும் நடையையும் மீண்டும் கற்க வேண்டியதாயிற்று, கிதாரையும்தான். ஐம்பதுக்கு மேற்பட்ட சுருதி அமைப்புகள், ஒவ்வொன்றுக்கும் தனி விரலிடம். ஊரில் யாருக்கும் முழுசாகத் தெரியாத மொழி, தெரிந்த ஒருவரும் மறந்துவிட்டார். பழைய நிகழ்ச்சிகளின் காணொளிகளைப் போட்டு, தன் விரல்கள் அன்று எங்கே இருந்தன என்று பார்த்துப் பார்த்து அவர் கற்றுக்கொண்டார். காதுக்கு முன்னால் கண்ணை வைத்துக்கொண்டு, முப்பது வயதுக் கையை எழுபது வயதுக் கை பார்த்து வரைந்துகொண்டது.

2022 ஜூலை 24 அன்று நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில், யாரும் எதிர்பாராமல் மேடைக்கு வந்தார். இளைய பாடகர்கள் சூழ்ந்திருக்க நாற்காலியில் அமர்ந்து பாடினார். நடுவில் எழுந்து, மின்கிதாரை மாட்டிக்கொண்டு, 'கோர்ட் அண்ட் ஸ்பார்க்' தொகுப்பின் 'ஜஸ்ட் லைக் திஸ் ட்ரெய்ன்' பாட்டைக் குரல் இல்லாமல் தனியாக வாசித்தார். அந்தக் காணொளியை எத்தனை முறை பார்த்தேன் என்று எண்ணவில்லை. பார்வையாளர்களைக் காட்டும் இடங்களைத் தள்ளிவிட்டு, இடது கை தெரியும் இடங்களில் நிறுத்திப் பார்ப்பேன். சில இடங்களில் ஒரே ஒரு விரல்தான் கம்பியில் இருக்கிறது. மற்றக் கம்பிகள் தாமாகவே ஒலித்துக்கொண்டிருக்கின்றன.